மெஷினுக்குக் குரல் கொடுத்த பெண்கள்

என் குரலை வீட்டுக்கு வெளியே அதிகம் பேர் கேட்டதில்லை. வீட்டு முன்மண்டபத்தில் ஆண்கள் வந்து இருந்தால், தேத்தண்ணி ஆயிற்று என்பதைக்கூட நான் வாயால் சொன்னதில்லை. உள்கதவை விரலால் இரண்டு தட்டுத் தட்டுவேன். வீட்டுக்காரர் எழுந்து வந்து தட்டை வாங்கிக்கொண்டு போவார். எங்கள் பக்கத்தில் என் வயதுப் பெண்கள் பலரும் அப்படித்தான் இருந்தோம். வீட்டுக்காரர் மௌத்தாகி நான் தனியாகிச் சில வருடங்கள் ஆகின்றன. இன்றும் கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர் வந்தால் நான் கதவைத்தான் தட்டுகிறேன். அவருக்கும் பழகிவிட்டது. எத்தனை தட்டுக்கு என்ன அர்த்தம் என்று என்னைவிட அவருக்குத்தான் நன்றாகத் தெரியும்.

அப்படிப்பட்ட என் பேச்சு, பல்கலைக்கழகக் கம்பஸ் மண்டபத்தின் சுவர் முழுவதும் பெரிய எழுத்தில் நின்றது. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு ஓரிடத்தில் இருக்க முடிவதில்லை. எழுந்து முற்றத்தில் கொஞ்சம் நடந்துவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊரில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். மகளுக்கு வீட்டைக் கட்டிக் கொடுத்துவிட்டு நாங்கள் பின்பக்கத்து அறைக்கு வந்துவிட்டோம். மகளும் மருமகனும் கட்டாருக்குப் போனபின், வீடு பூட்டிக் கிடக்க வேண்டாம் என்று மகள்தான் முன்னறையைக் கம்பஸில் படிக்கும் ஒரு பிள்ளைக்குக் கொடுக்கச் சொன்னாள்.

இறக்காமம் என்ற ஊரிலிருந்து வந்த பிள்ளை. வாப்பா வயல் செய்கிறவர். கணினிப் படிப்பில் கடைசி வருடம். வந்த புதிதில் அவளும் என்னைப் போல வாய் திறக்காதவள் என்று நினைத்தேன். கொஞ்ச நாளிலேயே அடுப்படிக்கு வந்து, நான் மா அரிக்கும்போது பக்கத்தில் இருந்து, கம்பஸ் கதையெல்லாம் கொட்டத் தொடங்கிவிட்டாள்.

“மாமி, எங்களுக்குப் படிப்பிக்கிற சேர் சொல்றாரு, இனி சேட்டிபிகட்ட மட்டும் கொண்டுபோய்க் காட்டினா வேல தரமாட்டாங்களாம். மெஷின் செய்யிற வேலய மெஷினுக்கே குடுத்திருவாங்களாம். மெஷினப் பழக்கத் தெரிஞ்ச ஆக்களத்தான் தேடுவாங்களாம்.”

“மெஷினப் பழக்குறயா? மாடு பழக்குற மாதிரியா புள்ள?”

“ஓம் மாமி, அப்பிடித்தான். மாடு ஒதைக்கும், இது ஒதைக்காது.”

கடைசி வருடப் பிள்ளைகள் ஒவ்வொருவரும் ஊராருக்குப் பயன்படுகிற ஒன்றைச் செய்ய வேண்டுமாம். கண்காட்சி நாளில் எல்லார் முன்னாலும் அதை இயக்கிக் காட்ட வேண்டுமாம். கொழும்பிலிருந்து ஒரு கம்பனி வரும். மனிதர் பேசுவதை எழுத்தாக்குகிற மெஷின்கள் செய்கிற கம்பனி. பயிற்சிக்கு அவர்கள் ஒரே ஒரு பிள்ளையைத்தான் எடுப்பார்கள். எங்கள் பிள்ளைக்கு அந்த இடம் வேண்டும். மற்றக் கம்பனிகளுக்குப் போகலாம்தான், ஆனால் அவள் மனம் இதிலேயே கிடந்தது.

“இது கெடைக்காட்டி என்ன செய்வ?” என்று கேட்டேன்.

“ஊருக்குப் போய் டியூசன் குடுக்க வேண்டியதுதான் மாமி” என்று சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

அவள் செய்திருந்தது இதுதான். கிளினிக்குக்குப் போகுமுன் வீட்டிலிருந்தே போனில் நமக்கு என்ன வருத்தம், எங்கே நோகிறது என்று சொன்னால், அது எழுதிக்கொள்ளும். தமிழ் தெரியாத டொக்டர் என்றால் அவருடைய பாஷைக்கும் மாற்றிக் கொடுக்கும். கேட்டதும் எனக்கு மனம் துள்ளியது. கிளினிக்கில் டொக்டர் முன்னால் இருந்து, சொல்ல வந்ததில் பாதியை விழுங்கிவிட்டு எழுந்து வருகிறவள் நான். எனக்கென்றே செய்தது போல இருந்தது.

ஒரு காலை, நான் மீனுக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தபோது போனை நீட்டினாள்.

“மாமி, இதுக்கிட்ட ஒரு கதை கதைங்களன்.”

“எனக்கு வெக்கம் புள்ள.”

“இதுக்குக் கண்ணில்ல மாமி. காது மட்டும்தான்.”

முக்காட்டை வாய்ப்பக்கம் இழுத்துக்கொண்டு, முழங்கால் நோவைப் பற்றி மெதுவாகச் சொன்னேன். போனில் ஒன்றும் வரவில்லை. இன்னொரு தரம் சொன்னேன். வெறும் வெள்ளை. அந்த நேரம் தெருவில் மீன்காரர் மோட்டார் சைக்கிளில் போனார். மதிலுக்கு அந்தப்பக்கம் அவர் கத்தியது அத்தனையும் போனில் பளிச்சென்று விழுந்தது. கீரி மீன், பாரை மீன், விலை, எல்லாம்.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். “இதுவும் ஆம்பிளைகள்ற கதையத்தான் கேக்குமா புள்ள?” என்று பகிடியாகத்தான் கேட்டேன்.

அவள் சிரிக்கவில்லை. போனில் முன்பு எடுத்த குரல்களின் பட்டியலைத் திறந்து பார்த்தாள். பிறகு புட்டுக்குழல் வைக்கிற பலகையில் அப்படியே இருந்துவிட்டாள்.

“ஓம் மாமி” என்றாள். “நான் குரல் எடுத்த அவ்வளவு பேரும் கம்பஸ் பொடியன்மாரும் சேர்மாரும்தான். அவங்க கேட்ட ஒடன தந்தாங்க. பொம்புளைகள்ட்ட கேட்டா வெக்கப்பட்டாங்க. சரியெண்டு உட்டுட்டன்.”

மெஷினுக்குப் பேச்சு விளங்க வேண்டுமானால் பல பேர் பேசியதை அதற்குக் கேட்கக் கொடுக்க வேண்டுமாம். எதைக் கேட்டு வளர்ந்ததோ அதுதான் அதற்கு விளங்கும். மண்டபத்தில் இருந்து சத்தமாகப் பேசும் ஆண்களைக் கேட்டு வளர்ந்த மெஷின், கதவுக்குப் பின்னால் நின்று பேசுகிறவளை என்னவென்று கண்டுகொள்ளும்?

“இப்ப என்ன செய்யப் போற?”

“பொம்புளைகள்ற குரல் எடுக்கணும் மாமி. நெறைய எடுக்கணும்.” என்னைப் பார்த்தாள். “முதல்ல நீங்க.”

நான் மாட்டேன் என்றேன். மத்தியானம் முழுவதும் மாட்டேன் என்றேன். மாலையில் அஸர் தொழுதபின் நானே போய்க் கூப்பிட்டு, ஒரு வழி சொன்னேன். நான் கதவுக்குப் பின்னால் நிற்பேன், அவள் போனோடு அந்தப்பக்கம் நிற்கட்டும். அவளுக்கும் சம்மதம். கதவைச் சாத்திக்கொண்டு நின்றேன். என்ன செய்வது, பழக்கம். முதலில் விரலால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டேன்.

“மாமி, தட்டுறத மெஷினுக்கு வாசிக்கத் தெரியா” என்று அந்தப்பக்கத்திலிருந்து குரல் வந்தது. அதற்குப் பிறகுதான் எனக்கு வாய் வந்தது.

அடுத்தது என் மதினி. வீட்டுக்காரரின் தங்கை, அடுத்த வளவு வீட்டில் இருக்கிறாள். இந்தத் தெருவில் அவளைப் போலக் கதைக்க ஆளில்லை. அக்கா முறையில் அவளை ராத்தா என்று கூப்பிடுகிற பிள்ளை, அவள் கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்லியே களைத்துப் போனாள்.

“என்ட குரல் கொழும்புக்குப் போகுமா?”

“நீங்க ஓமெண்டு சொல்லாம எங்கயும் போகா ராத்தா. என்ட லெப்டொப்புலதான் இரிக்கும்.”

“ஆம்பிளைகள் கேப்பாங்களா?”

“இல்ல. நானும் என்னோட படிக்கிற பொம்புளப் புள்ளையும் மட்டும்தான் கேட்டுத் திருத்துவம். வேணாமெண்டா ஒங்கட முன்னாலயே அழிச்சிருவன்.”

“இந்த மெஷின் ஆணா பொண்ணா?”

பிள்ளை போனைத் திருப்பிப் பார்த்தாள். “இன்னம் முடிவாகல்ல” என்றாள்.

அந்தப் பதில் மதினிக்குப் பிடித்துவிட்டது. சம்மதித்தாள். நாலைந்து வீட்டுப் பெண்களையும் அவளே கூட்டிக்கொண்டு வந்தாள். பிள்ளை போனைக் கவிழ்த்த மண்முட்டி ஒன்றின் மேல் வைத்து, கிளினிக்கில் சொல்வது போலச் சொல்லச் சொன்னாள். மதினி முக்காட்டைச் சரி செய்தாள். தொண்டையைச் செருமினாள். பிறகு சொன்னாள்: “எனது இடது முழங்காலில் கடுமையான வேதனை காணப்படுகின்றது. அதன் காரணமாக நடப்பதில் பெரும் சிரமத்தை எதிர்நோக்குகின்றேன்.”

ரேடியோவில் செய்தி வாசிப்பது போல இருந்தது. அடுத்து வந்தவளும் அப்படியே. அவளுக்கு அடுத்தவள் பயான் மேடையில் பிரசங்கம் பண்ணுவது போல, அன்பார்ந்த சகோதரிகளே என்று தொடங்கிவிட்டாள். எல்லாரும் நல்ல துணி உடுத்துக்கொண்டு படம் எடுக்க வருவது போல, பேச்சுக்கும் நல்ல துணி உடுத்திவிட்டார்கள். நானும் கதவுக்குப் பின்னால் நின்று அதைத்தான் செய்திருந்தேன் என்று அப்போதுதான் தெரிந்தது.

பிள்ளை அதையெல்லாம் மெஷினுக்குக் கொடுத்துப் பார்த்தாள். அடுப்படியில் நான் சாதாரணமாகச் சொன்னதற்கு இன்னும் வெள்ளைதான். கண்காட்சி நெருங்கிக்கொண்டிருந்தது. அவள் சாப்பாட்டுக் கோப்பையைத் தொடாமல் வைத்துவிட்டுக் காதில் வயரோடு மதினியின் பதிவையே திரும்பத் திரும்பக் கேட்டாள். திடீரென்று என் கையைப் பிடித்து ஒரு வயரை என் காதிலும் வைத்தாள்.

“கடைசிய கேளுங்க மாமி.”

செய்தி வாசித்து முடித்த மதினி, போனை நிறுத்தியாயிற்று என்று நினைத்து ஒரு மூச்சு விட்டிருந்தாள். பிறகு சொல்லியிருந்தாள்: “அல்லாஹ்வே, புள்ள, இந்தக் காலோட எனக்கு இரிக்க ஏலா, அந்தக் கதிரைய இஞ்சால தள்ளு.”

“இதுதான் மாமி வேணும்” என்றாள் பிள்ளை. “கதிரையத் தள்ளச் சொன்ன குரல்.”

பெருநாள் இனிப்பான தொதலை மதினி வீட்டில் கிண்டுகிற நாள் வந்தது. முற்றத்தில் கல் அடுக்கி, பெரிய தாச்சிச் சட்டியை ஏற்றி, தேங்காய்ப் பாலும் அரிசி மாவும் சர்க்கரையுமாக ஊற்றிவிட்டால், இறக்கும்வரை கை ஓயாது. ஒருத்தி கிண்ட, மற்றவர்கள் சுற்றியிருந்து கதைப்பார்கள். பிள்ளை போனைத் தூக்கி எல்லாருக்கும் காட்டி, “இது கேட்டுக்கிட்டு இரிக்கி, எல்லாருக்கும் சம்மதம்தானே” என்று கேட்டாள். ஓம் ஓம் என்றார்கள். கொஞ்ச நேரம் எல்லாரும் செய்தி வாசித்தார்கள். அதற்குள் தொதல் அடிப்பிடிக்கப் பார்த்தது.

“நெருப்பக் கொற எண்டு எத்தன தரம் செல்ற?”

“ஒங்கட கை கிண்டுற சீருக்கு நெருப்புல என்ன பிழ?”

“நீ வந்து கிண்டிப் பாரு, ஒன்ட தோளும் தெரியும் என்ட தோளும் தெரியும்.”

அதற்குப் பிறகு போன் அங்கே இருப்பது ஒருவருக்கும் ஞாபகமில்லை. தோள் நோவு வந்தது. பிரஷருக்கு விழுங்குகிற குளிசை வந்தது. தலைச் சுற்று, நித்திரை வராத கதை, மருமகள் கதை எல்லாம் வந்தது. நான் மெதுவாகக் கதைக்கிறவள். எனக்குக்கூட அன்று வாய் ஓயவில்லை. எண்ணெய் பிரிந்து, தொதல் தாச்சியை விட்டுக் கழன்று வரும்போது பிள்ளை போனை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். கண் மின்னியது.

அடுத்த நாள் காலையிலேயே மதினி வந்துவிட்டாள். “புள்ள, சம்மந்திக்காரியப் பத்தி ஒரு கதை செல்லிப்போட்டன். அத மட்டும் அழிச்சிரு.”

“எந்தக் கதை ராத்தா? மூணு கதை இரிக்கி.”

மூன்றையும் மதினியின் முன்னாலேயே அழித்தாள். மதினி பக்கத்தில் நின்று, கடைசி எழுத்தும் போகும்வரை பார்த்துவிட்டுத்தான் போனாள்.

அதற்குப் பிறகு வந்த நாட்கள்தான் எனக்கு மிகவும் பிடித்தவை. மெஷின் எழுதிய வரிகளைப் பிள்ளை எனக்கும் காட்டுவாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, எழுத்துக்கூட்டி வாசிப்பேன். பள்ளிக்கூடத்தில் படித்த புத்தகத்தில் இருந்த பேச்சு எதுவும் எங்கள் பேச்சாக இருந்ததில்லை. இங்கே நான் சொன்னது சொன்னபடியே எழுத்தாக நின்றது. என் வாயிலிருந்து போனது திரும்பி என் கண்ணுக்குள் வந்தது. ஒரு நாள், முழங்கால் நோவை முக்காட்டுக்குள்ளிருந்தே சொன்னேன். வெள்ளையாக இருந்த இடத்தில் ஒவ்வொரு சொல்லாக வந்து இருந்தது. நான் போனைத் தூக்கிக்கொண்டு வெறுங்காலோடு மதினி வளவுக்கு ஓடினேன். அந்த முழங்காலோடு.

கண்காட்சிக்கு என்னையும் வரச் சொன்னாள் பிள்ளை. இதைப் பாவித்துப் பயன்பெறுகிறவர் ஒருவர் அங்கே பேசிக் காட்ட வேண்டும். சும்மா போனோடு பேசுவது போலத்தான் இருக்கும் என்றாள். ஒரு வசனம் தயார் செய்தோம். என்ன வருத்தம், எவ்வளவு காலமாக, என்ன குளிசை. குளிக்கும்போதும் கறிக்குத் தாளிக்கும்போதும் சொல்லிச் சொல்லிப் பாடமாக்கினேன். மகள் கட்டாரிலிருந்து போன் எடுத்தபோது அவளுக்கும் சொல்லிக் காட்டினேன். “உம்மாவா இது” என்று மட்டும் கேட்டாள்.

அன்று தெரு முனையில் நிற்கும் ஓட்டோவில் போனோம். பிள்ளை லெப்டொப்பைத் தொட்டில் பிள்ளை போல மடியில் வைத்திருந்தாள். ஓட்டோக்காரர் ஏதோ கேட்டார்; அவள்தான் பதில் சொன்னாள். நான் வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவ்வளவு பெரிய மண்டபத்தில் நான் அதற்குமுன் கால் வைத்ததில்லை. வயலில் யானை வந்தால் போனுக்கு அடிக்கிற ஒன்றை ஒரு பொடியன் செய்திருந்தான். நெல் மூட்டையின் ஈரத்தைச் சொல்கிற ஒன்றையும் பார்த்தேன். எதைப் பார்த்தாலும் எனக்குக் கை தட்ட வேண்டும் போல இருந்தது. முன்வரிசையில் கொழும்புக் கம்பனியிலிருந்து ஓர் ஐயாவும் ஒரு பெண்ணும் இருந்தார்கள். அந்த ஐயா நல்ல தமிழில் கதைத்தார். எல்லாரிடமும் ஒரே கேள்விதான் கேட்டார்: “இதை ஊரில் யார் பாவிக்கிறார்கள்?” பொடியன்மார் தலையைச் சொறிந்தார்கள்.

எங்கள் பிள்ளையின் முறை வந்தது. அவள் நிமிர்ந்து நின்று பேசினாள். முதலில் பெண்களின் குரலை எடுக்காமல் விட்டது தன் பிழை என்று மறைக்காமல் சொன்னாள். தொதல் கிண்டிய நாளைச் சொன்னபோது மண்டபம் சிரித்தது. பிறகு, “பாவிக்கிற ஒருவர் வந்திருக்கிறார்” என்று என் பக்கம் கையைக் காட்டினாள்.

எழுந்தேன். அவ்வளவு கண்களும் திரும்பின. மைக்கை என் கிட்டக் கொண்டுவந்தாள். பாடமாக்கிய வசனம் எங்கே போனதோ தெரியவில்லை. முழங்கால் என்ற சொல்கூட இல்லை. அவளுடைய முகத்தைப் பார்த்தேன். அவளுக்கும் விளங்கிவிட்டது, மைக்கை இன்னும் கிட்டப் பிடித்தாள். கம்பனியில் இருந்தது ஓர் இடம்தான். அது என் வாயில் இருந்தது.

நான் முக்காட்டை இழுத்து, அவளுடைய காதில் குசுகுசுத்தேன்.

மண்டபம் கொல்லென்று சிரித்தது. ஏன் என்று தெரியாமல் நிமிர்ந்தேன். முன்னால், மெஷின் சுவர் அகலத்துக்கு எழுதியிருந்தது: என்னால ஏலா புள்ள, எனக்கு வெக்கமா இரிக்கி, ஊட்ட போவம்.

ஒரு சொல் விடவில்லை. என் பக்கத்தில் நின்றவளுக்கே பாதிதான் கேட்டிருக்கும். மெஷினுக்கு முழுவதும் கேட்டிருந்தது.

அந்த ஐயா கையை உயர்த்தினார். “இது முன்கூட்டியே எழுதி வைத்ததா?” என்று கேட்டார். முகத்தில் சிரிப்பில்லை.

எனக்குக் கோபமா பயமா என்று தெரியவில்லை. பிள்ளையின் கையைப் பிடித்து, இன்னும் மெதுவாகக் கேட்டேன். கேட்டது அப்படியே சுவரில் ஓடியது: இந்த மனிசன் என்ன கேக்காரு, நாம பொய்யா செல்ற?

இந்த முறை அந்த ஐயாதான் முதலில் சிரித்தார். கதிரையைப் பின்னால் தள்ளி எழுந்து நின்று கை தட்டினார். பக்கத்திலிருந்த கம்பனிப் பெண், எழுதிக்கொண்டிருந்த பேனையை வைத்துவிட்டு, சுவரில் இருந்ததைத் தன் போனில் படம் எடுத்தாள். பிள்ளை என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். அவள் நெஞ்சு அடித்தது எனக்குக் கேட்டது. மைக்குக்கும் கேட்டிருக்கும்.

கம்பனி எடுத்த பிள்ளையின் பேரை வாசிக்கும்வரை நான் மண்டபத்தில் நிற்கவில்லை. வெளியே பைப்படியில் முகம் கழுவிக்கொண்டிருந்தேன். அவள் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். “எனக்குத்தான் மாமி” என்றாள். ஈரக் கையோடு அவள் முகத்தை இரண்டு பக்கமும் பிடித்து, நெற்றியில் கொஞ்சினேன்.

திரும்பி வரும்போது அவள் வாப்பாவுக்குப் போன் எடுக்கப் பார்த்தாள், அழுகைதான் வந்தது. அதனால் நான்தான் கதைத்தேன். யானைக்குச் செய்த போன், சுவரில் வந்த எழுத்து, கம்பனிக்காரர் எழுந்து நின்றது, எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொல்லிக்கொண்டே வந்தேன். ஓட்டோச் சத்தத்துக்கு மேலே கேட்க வேண்டும் என்று கொஞ்சம் கூட்டித்தான் சொல்லியிருப்பேன் போலிருக்கிறது.

ஓட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்தார். “இந்தப் புள்ளைக்கு எங்க வேல மாமி?” என்று கேட்டார்.

“கொழும்புல” என்றேன். “முதல்ல பயிற்சி. மெஷினுக்கு எங்கட கதையப் பழக்குற வேல.”

“மெஷினுக்குக் கதை பழக்குறயா? அது எப்பிடி?”

பிள்ளை கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான் முன்னால் சாய்ந்து, முன்சீட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அவருக்கு முதலிலிருந்து சொல்லத் தொடங்கினேன். மீன்காரரிலிருந்து. வீட்டு வாசலில் ஓட்டோ நின்றபோது கதை இன்னும் தொதலுக்குக்கூட வரவில்லை. அவர் என்ஜினை நிறுத்திவிட்டு, “பொறகு?” என்றார்.